பனி மலையில் பசி

ஜப்பானுக்குப் போய்த் திரும்பியவரிடம் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. "பனி எத்தனை அடி ஆழம்? சறுக்கினீரா? விழுந்தீரா? எலும்பு ஏதேனும் முறிந்ததா?" என்று ஆவலோடு விசாரிக்கிறார்கள். முறியவில்லை என்று சொன்னால் அவர்கள் முகத்தில் சிறிது ஏமாற்றங்கூடத் தோன்றுகிறது. "அது கிடக்கட்டும், அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பவர்கள் வீட்டுப் பெண்மணிகள் மட்டுமே. அனுபவித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றே என்று. அதற்கு விடை சொல்லப் புகுந்தால் நம்முடைய மானக்கேடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுவதே உத்தமம்.

நாம் பள்ளிக்கூடத்தில் சரித்திர பாடம் நடத்துகிறவர்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும், டோக்கியோவில் உத்தியோகம் பார்க்கும் நம் மருமான் பிடிவாதமாய் அழைத்ததன் பேரில், இல்லத்தரசியுடன் புறப்பட்டோம். "மாமா! ஒரு தடவையாவது பனியைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டு, நோஸாவா ஆன்ஸென் என்னும் மலைக் கிராமத்தில் நான்கு இரவுகளுக்கு ஜாகை ஏற்பாடு செய்திருந்தான்.

நோஸாவா, நாகானோ மாகாணத்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் ஈயாமா ஸ்டேஷன். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் அரைமணி. 'ஆன்ஸென்' என்றால் வெந்நீர் ஊற்று. சறுக்கு விளையாட்டு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இது ஸ்நானத்துக்குப் பெயர் போன ஊர். இன்றும் ஊர்ப் பொதுவில் பதின்மூன்று வெந்நீர் ஸ்நான கட்டங்கள் இருக்கின்றன. ஊராரே முறை வைத்துப் பராமரிக்கிறார்கள். சறுக்கு வித்தையை ஜப்பானியருக்குக் கற்றுக் கொடுத்தவர் தியோடர் வான் லெர்ஹ் என்னும் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி. 1911-ல் பக்கத்து நீகாத்தா மாகாணத்துத் தக்காதா நகரில் அவர் அதைத் தொடங்கினார். பன்னிரண்டு வருஷங்களில், 1923-ல், நோஸாவா ஊரார் தங்களுக்கென்றே ஒரு சறுக்குச் சங்கம் அமைத்துவிட்டார்கள். 1998-ம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக்கின்போது, சறுக்கிக்கொண்டே துப்பாக்கி சுடும் பந்தயம் இந்த ஊரில்தான் நடந்தது. கிராமத்துக்கு மேலே 1,650 மீட்டர் உயரம் வரை சறுக்குச் சரிவு செல்கிறது. சரித்திரம் இவ்வளவு போதும். இனிப் பசியைப் பற்றிச் சொல்லுவோம்.

டிசம்பர் 28-ந் தேதி பகலில் போய்ச் சேர்ந்தோம். பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு, கம்பியில் தொங்கும் வண்டியில் ஏறி நேரே மலைக்குப் போனோம். மேலே ஒரு பெரிய போஜனசாலை. ஜப்பானியச் சறுக்கு மலைகளில் இத்தகைய சாலைகளை நிறையப் பார்க்கலாம். வாயிலில் ஒரு யந்திரம் நிற்கும். காசைப் போட்டுப் பண்டத்தின் பெயருள்ள பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டை உள்ளே கொடுத்தால் தட்டு வரும். உள்ளே நுழைந்ததும் நம் மூக்கில் ஏறிய வாசனை என்ன என்று நினைக்கிறீர்கள்? மசாலா வாசனை! கறிக் குழம்பும் சோறும்! சறுக்கு மலைகளில் ஜப்பானியர் விரும்பி உண்பது இதைத்தானாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்த நம் ஊர்ச் சரக்கு அது. நம் இல்லத்தரசியின் முகம் மலர்ந்தது.

"மாமி, அது வேண்டாம்" என்றான் மருமான். "இறைச்சித் துண்டை எடுத்துவிட்டாலும் பிரயோஜனமில்லை. குழம்புக்குப் போடும் மசாலாக் கட்டியிலேயே பெரும்பாலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கும்."

இல்லத்தரசி பிறந்தது முதல் மரக்கறி அன்றி வேறொன்று அறியாதவள். நாமும் அவ்விதமே. ஆகையால் வெறும் கோதுமை மாவில் செய்த 'உதோன்' என்னும் பருத்த சேமியாவை வாங்கினோம். பொன்னிறமான தெளிந்த ரசத்தில், மேலே வெங்காயத் தாளைத் தூவிக் கொடுத்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, விரல்கள் விறைத்திருந்தன. அந்தச் சூடான ரசம் தொண்டையில் இறங்கியபோது கிடைத்த சுகத்தைச் சொல்ல முடியாது. இல்லத்தரசி கிண்ணத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

அவள் கை கழுவப் போன சமயம் மருமான் நம் காதருகில் வந்து, "மாமா, எனக்கு இப்பொழுதுதான் உறைத்தது. அந்த ரசம் மீன் வடிநீராக இருக்கும்" என்றான்.

நாம் என்ன செய்தோம்? பிள்ளைகளுக்கு அரிச்சந்திரன் கதை சொல்லித் தந்து மார்க்குப் போடுகிற நாம், சற்றும் தயங்காமல், "தெரியாமல் உண்டதில் தோஷமில்லை. அவளிடம் மூச்சு விடாதே" என்று சொல்லிவிட்டோம். அவள் மனம் நோகக் கூடாது என்பது நாம் சொல்லிக்கொண்ட காரணம். விஷயம் வெளிவந்தால் அடுத்த நாலு நாளும் நமக்கும் பட்டினி வந்து சேரும் என்பது சொல்லிக்கொள்ளாத காரணம்.

அன்று மாலை ஆறு மணிக்கே விடுதியில் இராப் போஜனத்துக்கு அழைத்தார்கள். இவ்வூரில் 'மின்ஷுக்கு' என்னும் குடும்ப விடுதிகள் அநேகம் உண்டு; வீட்டுக்காரர்களே சமைத்துப் பரிமாறுவார்கள். காலையும் இரவும் இரண்டு வேளை உணவு சேர்த்துத்தான் பெரும்பாலும் வாடகை பேசுவது. எங்கள் விடுதியின் தலைவி எழுபது வயதுக்கு மேற்பட்ட மூதாட்டி. "இறைச்சி உண்ண மாட்டோம்" என்று மருமான் முன்னமே கடிதம் எழுதியிருந்தான். அம்மூதாட்டியும் அதைச் சிரத்தையாகக் கவனித்து, இறைச்சி சிறிதும் இல்லாமல், எங்கள் மூவருக்கும் சுட்ட மீன், பச்சை மீன், மீன் கொதிக்கும் சட்டி ஆகியவற்றை அழகாக வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்!

இதில் அவள் பிசகு ஒன்றுமில்லை. சரித்திரத்தின் பிசகு இது. 675-ம் வருஷத்தில் தெம்மு சக்கரவர்த்தி, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தையும் வருஷத்தில் சில மாதங்கள் உண்ணலாகாது என்று ஆக்ஞை பிறப்பித்தார். பௌத்த தர்மத்தின் செல்வாக்கினால் நெடுங்காலம் ஜப்பானியர் நாலுகால் பிராணிகளை உண்ணக் கூசி வந்தார்கள். 1872-ல் மெய்ஜி சக்கரவர்த்தி தாமே மாட்டிறைச்சி உண்டார் என்று பிரசித்தமான பிறகே அந்தக் கூச்சம் விலகத் தொடங்கிற்று. ஆனால் இத்தனை நூற்றாண்டுகளிலும் மீனைப் பொது ஜனங்கள் விலக்கவில்லை. அவர்கள் பாஷையில் இறைச்சி வேறு, மீன் வேறு. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் 'மீன் கொண்டுவா' என்று சொன்னதாகவே பொருள்.

விஷயம் விளங்கியதும் மூதாட்டி எங்கள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணமாக எடுக்கலானாள். மீன்கள் போயின. காய்கறிப் புழுக்கல் போயிற்று: அது மீன் வடிநீரில் வெந்ததாம். மொச்சை விழுதுக் கரைசல் போயிற்று: அதிலும் அதே வடிநீர். எஞ்சியவை வெண்சோறு, அவள் கைப்பட உப்பிட்ட கீரை ஊறுகாய், தாளிக்காத சோயாப் பால்கட்டி ஆகிய மூன்றுமே. தொட்டுக்கொள்ளும் சாற்றையுங்கூட முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். பிறகு கவலையோடு ஏதோ கேட்டாள். மருமான் மொழிபெயர்க்கத் தயங்கினான்.

"என்ன கேட்கிறாள்?" என்றாள் இல்லத்தரசி.

"பகலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறாள், மாமி."

"உதோன் என்று சொல்லேன்."

அவன் சொன்னான். மூதாட்டி இரு கைகளையும் வாயில் பொத்திக்கொண்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இல்லத்தரசி முதலில் மருமானைப் பார்த்தாள். பிறகு நம்மைப் பார்த்தாள். வகுப்பில் எத்தனையோ பையன்கள் நம் எதிரில் அப்படித் தலை குனிந்து நின்றதுண்டு. அன்றுதான் அவர்கள் நிலைமை நமக்குப் பூரணமாக விளங்கிற்று.

அவள் கோபிக்கவில்லை; அழவுமில்லை. சோற்றையும் ஊறுகாயையும் மௌனமாகச் சாப்பிட்டு முடித்தாள். அறைக்கு வந்தபின், "நான் குடித்தது போகட்டும். தெரியாமல் நேர்ந்தது. நீங்கள் தெரிந்து மறைத்தீர்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?" என்றாள். நமக்குப் பதில் இல்லை. சற்று நேரம் கழித்து அவளே தீர்ப்பும் கூறினாள்: "இனி இந்த ஊரில் எந்தக் கடையில் கால் வைத்தாலும், உட்காருவதற்கு முன்னால் நீங்களே சமையற்காரரிடம் போய், உங்கள் வாயால் கேட்க வேண்டும். பையனை அனுப்பக் கூடாது."

அன்றிரவு மருமானிடம் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தோம்: "காத்ஸுவோ தாஷி வா ஹைத்தே இமாஸ் கா?" சூரை மீன் வடிநீர் சேர்ந்திருக்கிறதா என்பது அதன் அர்த்தம். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டை போல் உலர்த்தி, இழைப்புளியால் சீவுவது போல் சீவிக் கொதிநீரில் போட்டு வடிப்பார்கள். நம் பக்கத்தில் மாசிக் கருவாடு என்பார்களே, அதற்கு நெருங்கிய உறவு. ஜப்பானியச் சமையலில் நூற்றுக்குத் தொண்ணூறு பண்டத்துக்கு இதுவே அஸ்திவாரம் என்று தோன்றுகிறது. கடைகளில் விற்கும் பொட்டணங்களின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பினாலும் ஆபத்துதான். ஒவ்வாமை உண்டாக்கும் சில பொருள்களைக் குறிப்பிட வேண்டுமென்று அந்நாட்டில் சட்டம் இருக்கிறது. முட்டை, பால், கோதுமை, இறால் முதலியவை அதில் அடங்கும். சூரை மீன் அந்தப் பட்டியலில் இல்லை.

மறுநாள் முதல் தண்டனையை நிறைவேற்றினோம். அதன் பலனாக, நோஸாவாவில் எங்கே உண்ணலாம் என்பதைப் பற்றி நாமும் நாலு வார்த்தை சொல்லும் யோக்கியதை பெற்றோம்.

முதலில், தெருவில் ஆவி பறக்க விற்கும் 'ஒயாகி'. கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்தோ வாட்டியோ தருவது. நாகானோ மாகாணத்துக்கே உரிய பண்டம். நம் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளலாம். பரங்கிக்காய், கத்தரிக்காய், கீரை, இனிப்புப் பயறு என்று பூரணம் பலவகை. நாம் கேள்வி கேட்ட கடைக்காரர் சற்று யோசித்து, கத்தரிக்காயை மட்டும் விலக்கி, மற்றவற்றைக் காட்டினார். பனி நனைந்த கையுறையோடு அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று தின்றது தனி ஆனந்தம். பயறு வைத்து ஆவியில் அவித்த இனிப்புப் பலகாரமும் வெந்நீர் ஊற்று ஊர்களில் எங்கும் கிடைக்கிறது.

அந்தக் கீரைக்கு ஒரு கதை உண்டு. இவ்வூர்ப் புத்த ஆலயத்துக் குரு ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கே யாத்திரை போனபோது, தென்னோஜி என்ற இடத்து முள்ளங்கி போன்ற கிழங்கின் விதையைக் கொண்டுவந்து விதைத்தாராம். இம்மலைக் குளிரில் கிழங்கு பெருக்காமல் தழை மட்டும் நெடிது வளர்ந்ததாம். கிழங்கு வரவில்லையே என்று வருந்தாமல் ஊரார் தழையை உப்பிட்டு ஊற வைத்தார்கள். அதுவே இன்று ஜப்பான் முழுவதும் பேர் பெற்ற 'நோஸாவானா'. குளிர்காலத் தொடக்கத்தில், பொது ஸ்நான கட்டத்து வெந்நீரிலேயே கட்டுக் கட்டாகக் கீரையை அலசி எடுப்பது இவ்வூர் வழக்கம்.

இன்னொரு விந்தை, ஊர் நடுவே கொதிக்கும் 'ஓகாமா' ஊற்று. அதன் நீர் சுமார் 90 டிகிரி சூடு. விறகு இல்லை, அடுப்பு இல்லை. ஊர்ப் பெண்கள் கூடையில் காய்கறியைக் கொண்டுவந்து முக்கி வேகவைத்துப் போகிறார்கள். அந்நியர் வேலிக்குள் போகக் கூடாது. அபாயம் என்பதோடு, அது ஊராரின் அடுக்களை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கென்று சில ஸ்நான கட்டங்களின் அருகில் சிறு தொட்டிகள் இருக்கின்றன, முட்டை அவித்துக்கொள்ளலாம். மருமான் இரண்டு முட்டை அவித்தான். எங்களுக்கு அதன் ஆவியில் கை காய்ச்சிய பாக்கியமே போதுமாயிருந்தது.

இரவுதான் கஷ்டம். மருமான் சிக்கனம் கருதி, இரண்டாம் நாள் இரவுக்கு விடுதியில் உணவு வேண்டாமென்று எழுதியிருந்தான். ஏழு மணிக்கு வெளியே கிளம்பினோம். முதல் கடையில் இடமில்லை, இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதில் வாசற்படியிலேயே கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். கிராமமோ சிறியது, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தேசதேசாந்தரத்து ஜனங்கள், விசேஷமாக ஆஸ்திரேலியர்கள், வந்து நிறைகிறார்கள். முன்கூட்டியே இடம் சொல்லி வைத்தவர்களுக்குத்தான் மேஜை. முழங்கால் ஆழப் பனியில், பசியோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தோம்.

நாலாவது கடையில் நம் கேள்வியைக் கேட்டோம். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, வாருங்கள்!" என்று சிரித்தார் அங்கிருந்த வாலிபர். எதைப் பற்றிக் கேட்டோம் என்று கூட அவர் காதில் வாங்கவில்லை. உட்கார்ந்துவிட நம் கால்கள் துடித்தன. வாசலில் பனியில் நின்றிருந்த இல்லத்தரசியைத் திரும்பிப் பார்த்தோம். வெளியே வந்துவிட்டோம்.

ஐந்தாவது இடத்தில் சமையற்காரரே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நம் உளறலைப் பொறுமையாகக் கேட்டார். உள்ளே போய் ஒரு பொட்டணத்தைக் கொண்டுவந்து, எழுத்து எழுத்தாக மருமானுடன் படித்துப் பார்த்தார். பிறகு இரு கைகளையும் குறுக்காக வைத்து, கூடாது என்று காட்டி, மிகவும் வருந்தித் தலை வணங்கினார். அதோடு விடாமல் தெருவுக்கு வந்து, வெளிநாட்டார் நடத்தும் ஒரு கடைக்கு வழி காட்டினார். அங்கே தக்காளியும் பால்கட்டியும் மட்டும் வைத்துச் சுட்ட பிட்ஸா கிடைத்தது. ஜப்பானுக்கு வந்து இத்தாலிய ரொட்டியா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்று அது அமிர்தம்.

படுக்கும்போது நமக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. சட்டென்று 'இல்லை' என்று சொன்ன வாலிபரைவிட, யோசித்து 'கூடாது' என்று சொன்ன சமையற்காரரே நமக்கு அன்னமிட்டவர். பகலில் நாமும் அந்த வாலிபரைப் போலத்தான் நடந்துகொண்டோம்.

டிசம்பர் 31-ந் தேதி இரவு. வருஷக் கடைசி இரவில் 'ஸோபா' என்னும் சேமியாவை உண்டு பழைய ஆண்டை அனுப்புவது ஜப்பானியர் சம்பிரதாயம். வடநாட்டார் விரத நாட்களில் 'குட்டு' என்று மாவாக்கி உண்ணும் தானியத்தில் செய்வது. நாகானோவின் குளிர்ந்த மலைச்சரிவுகள் இதற்குப் புகழ் பெற்றவை. ஆனால் அதைத் தோய்த்து உண்ணும் சாறு பெரும்பாலும் சூரை மீன் வடிநீர்தான். ஆகவே எங்களுக்கு வெறும் ஸோபாவும் உப்பும் என்று தீர்மானித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மூதாட்டி மூன்று தட்டுகளும், தனியே இரண்டு சிறு கிண்ணங்களும் கொண்டுவந்து வைத்தாள். கிண்ணங்களில் கறுத்த சாறு. தண்டனை தண்டனைதானே! நாம் கையைக் கட்டிக்கொண்டு, "காத்ஸுவோ தாஷி வா..." என்று தொடங்கினோம். அவள் முடிக்க விடவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து போய், ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து காட்டினாள். அடியில் அகலமான கடற்பாசி ஒன்றும், உலர்ந்த காளான்கள் ஐந்தாறும் ஊறிக் கிடந்தன. முந்தின இரவிலிருந்து ஊறுகின்றனவாம். பௌத்த ஆலயங்களில் துறவிகளுக்குச் சமைக்கும் முறை அது; தன் பாட்டி நினைவு நாட்களில் செய்வாள் என்றும், தான் செய்து எத்தனையோ வருஷமாகிறது என்றும், ருசி குறைந்தால் மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

ருசி குறையவில்லை. அந்தக் கடற்பாசியை ஆராய்ந்துதான், 1908-ல் டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் இக்கேதா கிக்குனாயே, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகிய நான்கிலும் சேராத ஒரு தனிச் சுவையை நிரூபித்துக் காட்டினார். 'உமாமி' என்று அதற்குப் பெயர். சரித்திர ஆசிரியர்களாகிய நாம் இதை இல்லத்தரசிக்கு விளக்க ஆரம்பித்தோம். "சாறு ஆறிப் போகிறது" என்றாள் அவள். கடைசியில் ஸோபா வெந்த கஞ்சியை மீதிச் சாற்றில் ஊற்றிக் குடித்தோம். அவள் இம்முறையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நள்ளிரவில் ஆலய மணி ஒலிக்கத் தொடங்கிற்று. நூற்றெட்டு முறை அடிப்பார்களாம்.

"தண்டனை முடிந்ததா?" என்று கேட்டோம்.

"ஊருக்குப் போனாலும் கேளுங்கள்; கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?" என்றாள். குரலில் பழைய இணக்கம் வந்திருந்தது.

ஆகையால், நம் போல் மரக்கறி உண்பவர்கள் அப்பனி மலைக்குப் போவதானால் எங்கே சாப்பிடுவது? இரண்டு வேளை உணவும் விடுதியிலேயே என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கடிதத்தில் 'இறைச்சி வேண்டாம்' என்பதோடு நிறுத்தாமல், மீனும் மீன் வடிநீரும் கூடாதென்று ஒரு வரி சேர்த்து, ஊறவைக்க அவகாசம் இருக்கும்படி முன்னதாகவே அனுப்புங்கள். பகலுக்குத் தெருவில் ஒயாகி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறுங்கள். இரவில் வெளியே உண்பதானால் முன்கூட்டியே இடம் சொல்லி வையுங்கள். திரும்பும் வழியில் நாகானோ நகரத்து ஸென்கோஜி ஆலயத்தைச் சூழ்ந்த யாத்திரிகர் விடுதிகளில் சொல்லி வைத்தால் துறவியர் போஜனமே கிடைக்கும். எங்கு போனாலும், கேள்வியைக் கேட்டுவிட்டு எதிரிலிருப்பவர் முகத்தைப் பாருங்கள். சற்றுத் தயங்குகிறவர் கையால் தைரியமாக உண்ணலாம்.

அந்த ஜப்பானிய வாக்கியம் இன்னும் நமக்கு மறக்கவில்லை. வகுப்பில் பையன் ஒருவன் எதையோ மறைத்துக்கொண்டு நிற்கும்போது, அது நம் நாக்கு நுனி வரை வந்துவிடுகிறது.